கொட்டகைக் கறி

"கல்யாணத்துக்கு அறுபது பேர் சாப்பிட வர்றாங்க. நீ என்னடான்னா, கறியைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்ற!"

ஹனுஸ் மேசையைத் தட்டியதில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின. எதிரே அமர்ந்திருந்த சோல்ரூன், தன் கோப்பையைப் பணிவோடு பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் ஐயா. ஆய்வகத்துல ரெண்டு தடவை பரிசோதிச்சுட்டோம். அந்தக் கறியில நஞ்சு ஊறியிருக்கு. வேகவச்சாலும் அது போகாது."

மாறிவரும் பருவநிலை, பரோயே தீவுகளின் காற்றில் புளிக்கும் ஆட்டுக்கறியை என்ன செய்கிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக, கறியைப் புளிக்கவைக்கும் பல ஊர்க் கொட்டகைகளில் அவள் வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக் கறியை விலக்கும்படி ஆணையிட அவளுக்கு அதிகாரமில்லை. கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். சனிக்கிழமை ஹனுஸ், அவர் மனைவி ரன்வா இவர்களுடைய மகனுக்குத் திருமணம். அதற்குள் இவர்கள் மனம் மாறாவிட்டால், அறுபது பேரும் அதைத்தான் உண்பார்கள்.

"ரன்வா மோந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன பரிசோதனை?" என்றார் ஹனுஸ். "இந்த ஊர்ல அவ மோந்து பாக்காம ஒரு வீட்லயும் கறி மேல கத்தி வைக்க மாட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும் ஐயா."

"நீ தொங்கவிட்டிருக்கியே ஒரு குச்சி, அதுக்கு மூக்கு இருக்கா?"

"இல்லீங்க. அதுக்குச் சூடு மட்டுந்தான் தெரியும்."

"உனக்காவது நல்ல கறி எது, கெட்ட கறி எதுன்னு மோந்து சொல்லத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் சோல்ரூன். தலைநகர் தோர்ஷவ்னில் வளர்ந்தவள் அவள். பக்குவமாகப் புளித்த கறியின் நெடிக்கே அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

அடுப்பருகே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ரன்வா தலையை நிமிர்த்தினாள். இப்போது மெல்லக் கேட்டாள்.

"ஏன் பொண்ணு, நான் மோந்தது தப்பாப் போச்சுங்கறியா?"

 இந்த ஊருக்குள் இந்த அம்மாளுக்கு இருக்கும் மதிப்பைச் சோல்ரூனும் அறிந்திருந்தாள்.

"அப்படிச் சொல்லுவேனா அம்மா? இந்த அக்டோபர்ல குளிரே வரல. ஈரமும் வெக்கையுமா இருந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல வளர்ற கிருமிக்கு வாசனையே கிடையாதும்மா. எப்பேர்ப்பட்ட மூக்குக்கும் அது தெரியாது."

"எப்பேர்ப்பட்ட மூக்குக்கும்னா?" என்று குறுக்கே விழுந்தார் ஹனுஸ். "என்ன முணுமுணுக்கற? சத்தமாத்தான் சொல்லேன்!"

"யார் மூக்குக்கும் தெரியாது ஐயா! குத்தம் மூக்கு மேல இல்ல, வெக்கை மேலதான்!"

தன் குரல் அத்தனை உயர்ந்ததில் சோல்ரூனுக்கே கூச்சமாகப் போயிற்று.

ரன்வா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

"புதைச்சிடுங்க. வர்றவங்களுக்கு மீன் பொரிச்சுப் போடுவோம்."

"ரன்வா! இந்தச் சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டா?"

"வீம்பு பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு படிச்சுட்டு வந்து சொல்லுது. எழுந்திரிங்க."

ஹனுஸ் முணுமுணுத்தபடியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "வா, புதைக்கச் சொன்னவளே வந்து கைகொடு" என்று சோல்ரூனையும் அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மேட்டின் மீதிருந்த கொட்டகையின் பலகை இடுக்குகளின் வழியே கடற்காற்று சீறிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்குமுன் ஹனுஸ் தம் கம்பளிச் சால்வையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுச் சன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீயும் கட்டிக்கம்மா. பத்து நாளா எனக்கு இந்தப் பக்கம் வந்தாலே குமட்டுது. உன் கிருமிக்கு வாசனை இல்லாம இருக்கலாம், கறி அழுகின நாத்தம் இருக்கே."

சோல்ரூன் திகைத்து நின்றாள். "அப்போ கறி கெட்டது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? பின்ன ஏன் ஐயா என்கூட அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"போன மாசம் ஜுரம் வந்து போனதுலேர்ந்து ரன்வாவுக்கு எந்த வாசனையும் தெரியல, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா" என்றார் ஹனுஸ். "கறி கெட்டுப்போச்சுன்னு நானே சொல்லியிருந்தா அவ உடைஞ்சு போயிருப்பா, அதான், நீ வந்து வெக்கை மேல பழியைப் போடுற வரைக்கும் விடாம சண்டை போட்டேன்."