கயிறில்லாத கழுத்து

தேவாலயத்து அசன விருந்துக்கு அறுக்கக் கொண்டுவந்த செவலைக் கிடா, கத்தியைக் கண்டதும் போதகரம்மாவின் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "இவன் எங்கிட்டயே இருக்கட்டும்" என்று கயிற்றை அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டார்.

செவலைக்குக் கால் தரையில் பாவவில்லை. துள்ளிக்கொண்டு நேரே பக்கத்து அவரைத் தோட்டத்துக்கு ஓடியது. காவல் நாய் மணியன் எழுந்து குறுக்கே நின்றது.

"உள்ளே வராதேப்பா."

"என் கழுத்தைப் பாரு, கயிறு இருக்கா? அம்மாவே அவுத்து விட்டாங்க. இனி எனக்கு யாரும் உத்தரவு போட முடியாது."

"பாத்தேன். அதனாலதான் உங்கிட்ட கேக்குறேன். கயிறு இருந்தா, அதைப் பிடிச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டிருப்பேன். நீ மேய்ஞ்சா, தோட்டக்காரர் யார் வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போடுவாரு, சொல்லு?"

செவலைக்கு அந்தச் சேலையின் வாசனை ஞாபகம் வந்தது. வாய்க்கு எட்டிய அவரை இலையை விட்டுவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கமே புல்லைக் கடித்தது.

சாயங்காலம் வந்த தோட்டக்காரர் ஆட்டைக் கண்டு பதறினார். வேலியைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், புல்லை விலக்கிக் கயிற்றைத் தேடினார்.

"எதுலடா கட்டியிருக்காங்க இதை?"

மணியன் போதகரம்மா வீட்டைப் பார்த்து வாலை ஆட்டியது.