பார்வையாளர் நேரம்

"துணைக்கு யாரும் வரலையா?"

சிஸ்டர் யூனிஸ் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"இல்லை சிஸ்டர்" என்றாள் கனகவல்லி.

"மயக்க மருந்து கொடுக்கப் போறோம். இப்படித் தனியா வந்து நின்னா? வீட்டுக்காரர் எங்கே?"

"கல்யாணம் ஆகலை."

"அப்பா, அம்மா?"

"போய்ட்டாங்க. அண்ணன் மெட்ராஸ்ல. இதுக்கெல்லாம் எப்படிச் சொல்றது..."

"கூட வேலை பார்க்கறவங்க ஒருத்தர்கூடவா கிடைக்கலை? நல்லா வந்தீங்க போங்க!"

எதிர்க் கட்டில் அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் தெலுங்கில் கிசுகிசுத்தாள். "கல்யாணமே ஆகலையாம். அப்புறம் இந்தக் கர்ப்பப்பை வார்டுல என்ன வேலை?"

கனகவல்லிக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் டைப்பிஸ்ட். குடியிருப்பது மெட்டுகுடாவில் ஓர் அறை. மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

டாக்டர் பாமாதான் தைரியம் சொல்லியிருந்தார். "வயித்தைக் கிழிக்க வேண்டாம்மா. மெல்லிசா ஒரு குழாய், நுனியில விளக்கு. கீழ்வழியா விட்டு, கர்ப்பப்பையை உள்ளேயே பார்த்துச் சரி பண்ணிடலாம். புதுசா வந்திருக்கு."

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் சிரித்தபடி நின்றிருந்தார். "சின்னதா ஒரு சதை வளர்ச்சி. எடுத்தாச்சு. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். பயப்படற மாதிரி தெரியலை. தையல்கூடக் கிடையாது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

நல்ல சேதி. சொல்லத்தான் ஆளில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் வார்டு நிரம்பியது. கட்டிலுக்குக் கட்டில் டிபன் கேரியர், பூ, பழம், பேச்சு. கனகவல்லி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாவம், ஒருத்தரும் வரலை." அதே எதிர்க் கட்டில் குரல்.

"அக்கா! தூங்கறீங்களா?"

திரும்பினாள். பூப்போட்ட வாயில் புடவையில், கையில் ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண். அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"சிஸ்டர்! இன்னும் டியூட்டியா?"

"டியூட்டி மத்தியானமே முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்க் கஞ்சி வச்சு எடுத்துட்டு வர்றேன். இப்ப நக்கோ, சிஸ்டரெல்லாம் வேண்டாம், யூனிஸ்னே கூப்பிடுங்க."

"உங்க அக்காவா?" என்று கேட்டாள் எதிர்க் கட்டில் அம்மாள்.

"ஹவ், அக்காதான்" என்றாள் யூனிஸ், வார்டுக்கே கேட்கும்படி.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள். கனகவல்லி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"காலையில அப்படிக் கத்தினீங்களே..."

யூனிஸ் குனிந்துகொண்டாள். குரல் தாழ்ந்தது.

"எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தப்ப நானும் தனியாத்தான்கா வந்து படுத்தேன். ஏன் தனியா வந்தேன்னு கோபப்படக்கூட அன்னைக்கு ஓர் ஆள் இல்லை."