தலைவரின் கால்கள்

அம்மன் அருள் முழுசாக இறங்கிய கால்கள் மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே இரண்டுதான். இரண்டும் கோயில் தலைவர் அழகேசனுடையவை. பூக்குழியில் மற்றவர்கள் ஓடுவார்கள், அவர் உலாவுவார்.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் குத்தியும் அந்தக் கால்கள் அசையவில்லை.

“ரத்தத்துல தப்பான ஆன்டிபாடி. நரம்பைக் கெடுக்குது. மருந்து ஏத்தினா உணர்ச்சி திரும்பும்.”

திரும்பினால் அருள் என்னாவது? அழகேசனுக்கு வியர்த்தது. “தீமிதி முடியட்டும், டாக்டர்.”

“இப்பவே ஏத்துங்க லா!” என்றார் மனைவி தேவகி. “செருப்பு கழண்டு விழுந்தாகூட இவருக்குத் தெரியல.”

மருந்து நன்றாகவே வேலை செய்தது.

திருவிழாவன்று தலைவர் செருப்பைக் கழற்றி முதல் அடி வைத்தார். “ஐயோ அம்மா!” என்று அலறித் தண்ணீர்த் தொட்டிக்குள் பாய்ந்தார். அருள் வந்துவிட்டதென்று கூட்டம் கும்பிட்டது.

குழியில் இன்னும் தீ மூட்டவில்லை. அவர் மிதித்தது வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரை.