கறுப்பு மேகம்

ஷிஃபானா உதட்டைக் கடித்துக்கொண்டு புருஷன் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

வேறு வழியில்லை. இருபது வருடமாகக் கணினி விளையாட்டுகள் செய்கிறவர் எழுதிய வழிகாட்டியில் அப்படித்தான் இருந்தது: நீ செய்த விளையாட்டை ஒருவர் முதன்முதலாக ஆடும்போது பின்னால் நின்று பார், வாயை மட்டும் திறக்காதே.

எட்டு மாதம் அந்த வழிகாட்டியோடு மல்லுக்கட்டி அவள் செய்த முதல் விளையாட்டு இது. திரையில் ஒரு வள்ளம், சுற்றிவரக் கடல். மீன் பிடிக்கப் பிடிக்கப் புள்ளி ஏறும். பிறகு வானம் கறுக்கும், அலை எழும்பும். அதற்குள் புகுந்து பெரிய மீனைப் பிடிக்கிறவனுக்கே வெற்றி.

எல்லாம் புருஷன் நஸ்ரி சொன்னதுதான். குறிஞ்சாக்கேணியில் அவனைப்போல் கடல் கதை சொல்ல ஆளில்லை. மற்ற வள்ளங்களெல்லாம் துறைமுகத்துக்குள் ஓடிவர, தான் மட்டும் நேரே புயலுக்குள் விட்டானாம். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கோ, அவன் கடலுக்குப் போன நாட்களில் ஒரு வாய் சோறு இறங்காது.

கரையில் இருக்கிறவளுக்கு அங்கே நடப்பது எப்படித் தெரியும்? ஒருதரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்த விளையாட்டையே செய்தாள்.

வெள்ளிக்கிழமை, வள்ளம் இறக்காத நாள். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்த சட்டையோடு நஸ்ரி ஆடிக்கொண்டிருந்தான். மூன்று மீன் பிடித்தாயிற்று. நாலாவதை நெருங்கிவிட்டான்.

திரையின் மூலையில் நகமளவு கறுப்பு மேகம் எட்டிப் பார்த்தது.

அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மீனை அப்படியே விட்டுவிட்டு, வள்ளத்தைத் திருப்பி, விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு ஓட்டினான்.

வள்ளம் கரையில் முட்டி நின்றது. விளையாட்டும் நின்றது. யாராவது திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று அவள் எழுதியிருக்கவே இல்லை.

“அப்ப அந்தப் புயல் கதையெல்லாம்?” வழிகாட்டியை மறந்து கேட்டே விட்டாள்.

நஸ்ரி பிடரியைச் சொறிந்தான். “மேகத்தைக் கண்டா முதலாவதா ஓடி வாறவன் நான்தான். வெளியில சொல்லிப்போடாத, புள்ள.”

அண்டப்புளுகன்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். இவ்வளவு ஆசை அவன்மேல் என்றைக்கும் வந்ததில்லை.

பிறகு அவனை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். வெற்றிக்கென்று எழுதியிருந்த வரியை அழித்தாள்.

மேகத்தைக் கண்டு கரைக்குத் திரும்புகிறவனுக்கே வெற்றி என்று மாற்றி எழுதினாள்.