பினியன் கேட்ட நெருக்கம்

ஒரு காரின் பின் அச்சுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் அக்கா தம்பியாக வாழ்ந்து வந்தன. பேரிங் தேய்ந்து அக்கா ஓயாமல் முனகியதால் மெக்கானிக் இரண்டையும் பிரித்தார். மறுபடி பூட்டும்போது பினியனுக்குப் பின்னால் தடித்த தகடு ஒன்றை வைத்தார். அது பினியனை அக்காவோடு நெருக்கித் தள்ளியது.

"இனி உன்னை விட்டு நகரவே மாட்டேன், அக்கா."

"பாசமெல்லாம் சரிடா. ஈறைக் குத்துறியே. இப்படியே ஓடினா ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகணும்."

பற்கள் எந்த இடத்தில் உரசுகின்றன என்று அறிய மெக்கானிக் அவற்றில் மஞ்சள் மை தடவிச் சுழற்றிப் பார்த்தார். தடம் பல்லின் அடியில் விழுந்தது. தகட்டை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லியதை வைத்தார். தடம் பல்லின் நடுவுக்கு வந்தது.

பினியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "என்னைத் தள்ளி வச்சிட்டாருல்ல, அக்கா?"

"ஒரு மயிரிழைதானேடா. அதுக்கா இவ்வளவு கோபம்?"

வண்டி கிளம்பியது. கடவுள் புண்ணியத்தில் நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காவின் வழக்கமான முனகல் கேட்காததால் பினியனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அக்கா, இருக்கியா? சத்தமே காணோமே."

"வலிச்சாத்தானேடா முனகுவேன். பேசாம சுத்து, மேடு வருது."