துக்கம் கேட்க வந்தவர்கள்

கருங்குழியில் செங்கல்வராயன் வீட்டு வாசலில் பத்து ஜோடிக்கு மேல் செருப்புகள் கிடந்தன. வந்தவர்கள் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள். டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக் குடித்தார்கள்.

"எத்தினி மணிக்கு ஆச்சு?" என்று பக்கத்து வீட்டு அம்சா மெதுவாகக் கேட்டாள்.

"காலையில பத்தரைக்கு." செங்கல்வராயனின் மனைவி வசந்தா தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சே நிமிசம். பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துட்டான்."

அமெரிக்க விசா. வசந்தாவின் மகள் பூங்கொடிக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷமாகக் கணவன் ஜெகதீசனோடு டல்லாஸில் இருந்தவள், தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தாள். பழைய விசா முடிந்துபோனதால் சென்னையில் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போன கணவனோடு மனைவி போய் இருப்பதற்கான விசா அது. 2007-இல் அதை வைத்துக்கொண்டு மனைவி அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது.

"வெள்ளிக்கெழம பத்தரைன்னா ராகு காலமாச்சே" என்றாள் அம்சா.

"அவன் குடுத்த டைம். வெள்ளைக்காரன் கையில பஞ்சாங்கமா கீது?" என்றார் செங்கல்வராயன்.

"ஒக்காந்து துன்ற வரம். கை நழுவிப் போச்சே" என்றாள் அம்சா மறுபடியும்.

வசந்தாவின் பயம் வேறு. மகள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த நாளில் வாய் ஓயாத பெண், டல்லாஸிலிருந்து ஆளே மாறி வந்திருந்தாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ராத்திரி கண் மூடவில்லை. செங்கல்பட்டு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"அங்க இன்னாடி கொற ஒனக்கு?" என்று போன வாரம்தான் கேட்டாள் வசந்தா.

"கொற ஒண்ணும் இல்லம்மா. காலையில அவரு கதவச் சாத்திகினு போனா, சாயந்தரம் வந்து தொறக்கற வரைக்கும் நான் வாயத் தொறக்கறதில்ல. அவ்ளோதான்."

இன்று சென்னையிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்தவள் தாம்பரம் தாண்டியதும் தூங்கிப் போனாள். ஊர் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அதிர்ச்சியில் மயங்கிவிட்டாளோ என்று வசந்தா இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரை அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு சமையலறைக்குப் போனாள். பூங்கொடி நேற்றைய மீன் குழம்பை ஊற்றி இரண்டாவது தட்டு சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அழுதுடு கண்ணு. உள்ளயே வச்சிகினு இருக்காத."

"நைனா எங்கம்மா?"

"வாசல்ல. ஒன் வூட்டுக்காரரோட போன்ல பேசிகினு கீறாரு. மறுபடியும் அப்ளை பண்ணலாமாம்."

பூங்கொடி மீனில் முள் எடுத்தாள்.

வசந்தாவுக்குத் தாங்கவில்லை. "அந்த ஆபீசரு அப்பிடி இன்னாதாண்டி கேட்டான்?"

"அங்க போயி இன்னா பண்ணுவேன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

பூங்கொடி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எறங்குன மறுநாளே வேலைக்குப் போவேன்னு சொன்னேன்."