கணக்கு வாத்தியார் வந்த கதை

“ஏன் மேடம், கைநீட்டி சம்பளம் வாங்கறீங்களே, நெஞ்சு உறுத்தாதா உங்களுக்கு?”

பெற்றோர் வரிசையிலிருந்து எழுந்து, தலைமை ஆசிரியையைப் பார்த்து இப்படிக் கேட்டது வேம்புலியம்மாள்.

கவிப்பிரியாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆவடிப் பக்கத்து அந்த நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு டீச்சராக அவள் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகிறது. பள்ளி விட்டதும் முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது. மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்படி இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அதுவும் இன்றைக்குப் பார்த்து வட்டாரக் கல்வி அதிகாரி ஹேமநாதன் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“எட்டாங்கிளாசுக்கு ஜூன்லேர்ந்து கணக்கு வாத்தியார் இல்ல. இன்னியோட எழுபத்தெட்டு நாளு. நாப்பத்தோரு புள்ளைங்க. அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுக்குப் போயி, ஒம்பதாங்கிளாசு கணக்கப் பாத்து பேந்தப் பேந்த முழிக்கணுமா?”

அந்தம்மாவுக்குப் பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகின தொண்டை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தது.

தலைமை ஆசிரியை கனிமொழி தலையைக் குனிந்துகொண்டார். “பாக்கறேன்மா…”

“இன்னாத்தப் பாக்கப் போறீங்க? உங்க ஊட்டுப் புள்ள இங்க படிச்சா இப்பிடித்தான் பாத்துக்கினு இருப்பீங்களா?”

கவிப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நடந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். கணக்கு வாத்தியார் கேட்டு மேடம் இதுவரை எழுதின ஏழு கடிதத்தின் நகலையும் அதிகாரி முன்னால் வைத்தார். அவரோ பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, “எல்லாம் வந்துச்சு மேடம், பாத்துக்கலாம்” என்று ஃபைலை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அவள் எழுந்து நின்றாள். “சார், மேடம் மேல தப்பில்ல. மேடம் ஏழு லெட்டர்…”

துப்பட்டாவை யாரோ பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் கனிமொழி மேடம்.

“உக்காரும்மா நீ.”

இப்படியும் ஒரு பொறுமையா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேம்புலியம்மாள் நிறுத்தவில்லை. “முகப்பேர்ல ஃபீஸு கட்டிப் படிக்கிற புள்ளைக்கு ஒரு நாளு வாத்தியார் வரலன்னா, ஆயி அப்பன்லாம் சேந்து வாட்சப்புலயே ஸ்கூல ரெண்டாக்கிடுவாங்க. எங்களுக்கு மட்டும் வாயில்லன்னு நெனச்சிக்கினீங்களா?”

“யாருக்கு, உனுக்கா வாயில்ல?” என்றார் பின்வரிசையில் இருந்த ஷேர் ஆட்டோ கன்னியப்பன். “பூந்தமல்லி வரிக்கும் கேக்குதும்மா.”

கூட்டம் சிரித்தது. அந்தம்மா சிரிக்கவில்லை. உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

“முடியலன்னா சொல்லிடுங்க மேடம். திங்கக்கெயம காலைலயே நாப்பத்தோரு புள்ளைங்களயும் இட்டுகினு வந்து உங்க ரூமு வாசல்ல குந்திக்கிறோம்.”

மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

ரிட்டயர் ஆகிற வயசில் இருக்கிறவரை நாலு பேர் நடுவில் அழ வைத்துவிட்டதே இந்தம்மா என்று கவிப்பிரியாவுக்கே கண் கலங்கிவிட்டது. ஹேமநாதனுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அம்மா, மேடத்தை விடுங்க. அவங்க என்ன செய்வாங்க? நான் இருக்கேன்ல.”

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

“பக்கத்து ஸ்கூல்ல கணக்குக்கு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் திங்கக்கிழமைலேர்ந்து இங்க வந்துடுவாரு. போதுமா?”

கைதட்டல். தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி கிளம்பும்போது மேடத்திடம் குரலைத் தணித்து, “மனசுல வச்சிக்காதீங்க. படிக்காத ஜனங்க, அப்படித்தான் பேசும்” என்றார்.

“பரவால்ல சார்” என்றார் மேடம்.

எல்லாரும் போன பிறகு, ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று மேடத்தின் அறைக்குப் போனாள் கவிப்பிரியா. கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே, சற்று முன் அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேம்புலியம்மாள். மேடம் ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தொண்டைக்கு நல்லது, குடி. அந்த மனுஷனைத் திட்டியிருந்தா அவருக்குக் கோவம் வந்திருக்கும். என்னைத் திட்டினதால இரக்கம் வந்துடுச்சு, பாத்தியா? எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியல. ஆமா, அஞ்சு கேள்வி எழுதிக் குடுத்தேன், நீ நாலுதான் கேட்டே. ‘பாடம் நடத்தாம தூங்கறீங்களா’ன்னு கேக்கச் சொன்னேனே, அதை ஏன் விட்டுட்டே?”

வேம்புலியம்மாள் உள்ளங்கையில் கசங்கியிருந்த துண்டுச் சீட்டை மேஜை மேல் வைத்தது.

“அது மட்டும் வாயில வரல மேடம். ஜூன்லேர்ந்து தெனம் ஆறு மணி வரிக்கும் எங்க புள்ளைங்கள ஒக்கார வச்சி கணக்கு சொல்லிக் குடுக்கற உங்களப் பாத்து, அத எப்பிடிக் கேக்கறது?”